தோள்சீலையும் குப்பாயமும்: பெண்ணுடலில் எழுதப்பட்ட தாழ்வும் திருச்சபையின் கடமையும்

தென் திருவிதாங்கூரில் 1822 முதல் 1859 வரை இடையிடையே மூண்டெழுந்த தோள்சீலைக் கலகத்தைப் பற்றிக் கேள்விப்படாத குருமார் நம்மிடையே இரார். நற்செய்தி வந்தது, மார்பை மூடாதிருந்த பெண்கள் நாணம் அறிந்தனர், மேலாடை அணிந்தனர், சாதியார் எதிர்த்தனர், மிஷனெரிமார் துணைநின்றனர், இறுதியில் மன்னர் இணங்கினார் என்பதே நம் சபைகளில் வழங்கிவரும் வரலாறு. நூற்றாண்டு விழா மலர்களிலும், ஓய்வுநாட்பள்ளிப் பாடங்களிலும், மிஷனெரிப் பண்டிகைச் சொற்பொழிவுகளிலும் இவ்வடிவமே மீண்டும் மீண்டும் உரைக்கப்படுகிறது.

இவ்வரலாறு பொய்யன்று. ஆயினும் இது பாதி வரலாறே என்பது நம் கருத்து. அப்பெண்கள் நாடியது உடலை மறைப்பதை மட்டுமன்று. மறைத்துக்கொள்ள அவர்களுக்கு 1814ஆம் ஆண்டிலேயே ஒரு வழி திறந்திருந்தது. அவ்வழியோடு அவர்கள் நின்றிருந்தால் கலகமே நிகழ்ந்திராது. அவர்கள் ஏன் அதனோடு நிற்கவில்லை என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருள். அதற்கு விடை காண்போமாயின், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் எனப் பரந்து கிடக்கும் கரிசல் நாட்டுச் சபைகளில் இன்று ஊழியம் புரிவோர்க்கும் அது ஒரு கடமையைச் சுட்டிக்காட்டும் என நம்புகிறோம்.

1. மூடாத தோள் எதைக் குறித்தது?

பழைய திருவிதாங்கூரில் மேலாடையை நீக்குதல் மரியாதையின் அடையாளம். தாழ்ந்தோர் உயர்ந்தோர் முன்னிலையில் மேலாடையை நீக்கி நின்றனர். நாயர் பெண்களும் நம்பூதிரிகளின் முன்னிலையிலும், அரண்மனையிலும், தெய்வச் சந்நிதியிலும் அவ்வாறே செய்யவேண்டியிருந்தது. எனவே மூடாத தோள் நாணமின்மையின் குறி அன்று. யார் யாருக்குக் கீழ் என்பதைக் கண்டவுடன் படிக்கத்தக்க எழுத்து அது. உயர்ந்தோர்க்கு அவ்வெழுத்து சிற்சில வேளைகளில் மட்டும் எழுதப்பட்டது. தாழ்த்தப்பட்டோர்க்கோ அது எவ்வேளையும் அழியாதிருக்கவேண்டும் என்பது சட்டம்.

அக்கால ஆவணங்கள் சாணார் என்று குறிப்பிடும் சமுதாயத்தை, 1921ஆம் ஆண்டுக் குடிமதிப்பு முதல் அரசு ஏற்றுக்கொண்ட பெயரால் நாடார் என்றே இக்கட்டுரையில் அழைப்போம். இவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்த தடைகளை லண்டன் மிஷன் சங்கத்து ஊழியர் சாமுவேல் மெட்டீர் முதலானோர் எழுதிவைத்துள்ளனர். குடை பிடித்தல் ஆகாது. காலில் செருப்பு அணிதல் ஆகாது. பொன்னகை பூணுதல் ஆகாது. மாடிவீடு கட்டுதல் ஆகாது. பசுவைக் கறத்தல் ஆகாது. பெண்கள் மார்பை மூடுதல் ஆகாது; தண்ணீர்க் குடத்தை இடுப்பில் எடுத்தலும் ஆகாது, தலையில்தான் சுமக்கவேண்டும். இத்தடைகளை ஒருங்கே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். இவை அனைத்தும் உடலையே பற்றியவை. ஒருவர் எவ்வாறு நடப்பார், எதை எங்கே சுமப்பார், எதைப் போர்த்துவார், எதைத் தொடுவார் என்பவற்றின் வழியாகவே அவர்தம் இடம் அன்றாடம் நிலைநிறுத்தப்பட்டது.

பெண்ணியச் சிந்தனையாளர் இருபதாம் நூற்றாண்டில் தெளிவாக்கிய கருத்தொன்று இங்கே நமக்குத் துணைசெய்யும். பிரெஞ்சு அறிஞர் சிமோன் த பொவார் 1949இல் வெளியிட்ட 'இரண்டாம் பால்' என்னும் நூலில், பெண் என்னும் நிலை பிறப்பினால் மட்டும் அமைவதன்று, சமுதாயம் பயிற்றிப் பயிற்றி ஆக்குவது என்று வாதிட்டார். அமெரிக்க அறிஞர் ஜூடித் பட்லர் 1990இல் இக்கருத்தை மேலும் விரித்தார். ஆண், பெண் என நாம் காணும் நடை, உடை, பாவனைகள் நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்யப்படுவதனாலேயே இயற்கைபோல் தோன்றுகின்றன. ஆகவே அவற்றை மாற்றிச் செய்தலும் கூடும் என்பது அவர் கருத்தின் சாரம். இவ்வறிஞர்தம் கொள்கைகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டுவதில்லை. ஆனால் நாஞ்சில் நாட்டுச் சந்தைவெளியில் எழுத்தறியாப் பெண்கள் இதனை நூறாண்டுகளுக்கு முன்னரே செயலால் காட்டிவிட்டனர் என்பதை மறுத்தற்கில்லை. நாள்தோறும் செய்யப்பட்டுவந்த ஒன்றை அவர்கள் ஒருநாள் வேறுவிதமாகச் செய்தார்கள். அதனால் ஒரு நாட்டின் ஒழுங்கே ஆட்டங்கண்டது.

2. குப்பாயம் கிடைத்தது, தோள்சீலை மறுக்கப்பட்டது

நிகழ்ச்சிகளைச் சுருக்கமாக வரிசைப்படுத்துவோம். ஜெர்மானிய ஊழியர் ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியில் ஊழியத்தை நிலைநாட்டினார். அக்காலத்து ஆங்கில ரெசிடெண்டும் திவானுமாயிருந்த கர்னல் ஜான் மன்றோ, கிறிஸ்தவர்களான பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என இசைவளித்தார். அரசவையோர் இதனை எதிர்த்து முறையிடவே, 1814ஆம் ஆண்டு ஆணையின்படி, சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் அணிவதுபோன்ற குப்பாயம் என்னும் சட்டையை அணியலாம் என்றும், நாயர் பெண்கள் அணியும் முறையில் தோளின்மேல் சீலை இடுதல் கூடாது என்றும் வரையறுக்கப்பட்டது.

இவ்வேறுபாட்டை நாம் ஊன்றி நோக்கவேண்டும். குப்பாயம் மார்பை மூடும். தோள்சீலையும் மார்பை மூடும். நாணத்தைக் காப்பதே நோக்கமாயின் இரண்டிற்கும் வேறுபாடில்லை. ஆனால் குப்பாயம் அணிந்தவளைக் கண்டால், இவள் மதம் மாறியவள், எனினும் உயர்ந்தவள் அல்லள் என்பது உடனே விளங்கும். தோள்சீலை அணிந்தவளை அவ்வாறு பிரித்தறிய இயலாது. பழைய எழுத்தை அழிக்க அரசு ஒருப்பட்டது, வேறோர் எழுத்தை அதனிடத்தில் எழுதிக்கொள்ளலாம் என்னும் நிபந்தனையின்மேல்.

சார்லஸ் மீட் 1818இலும் சார்லஸ் மால்ட் 1819இலும் நாகர்கோவிலுக்கு வந்தபின் ஊழியம் விரைந்து வளர்ந்தது. மிஷனெரிமாரின் துணைவியர் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினர். மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் என்னும் ரேந்தைப் பின்னலைக் கற்பித்தார். பெண்கள் தம் கைத்தொழிலால் பொருளீட்டத் தலைப்பட்டனர். தைத்த சட்டையும் பள்ளிப் பயிற்சியும் சிறுகூலியும் ஒன்றுசேர்ந்து வந்தன. இவற்றைப் பெற்ற பெண்கள் குப்பாயத்தோடு அமையாமல் அதன்மேல் சீலையையும் இட்டுக்கொண்டு சந்தைக்கும் ஆலயத்திற்கும் சென்றனர்.

1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் இப்பெண்கள் வழியிலும் சந்தையிலும் தாக்கப்பட்டனர். அவர்தம் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியும் உரிமையை உறுதிசெய்தது. 1827 முதல் 1829 வரை கலகம் மீண்டும் மூண்டது. ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரி 3ஆம் நாள், ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சியில் வெளியான அரசாணை, குப்பாயத்தை அனுமதித்துத் தோள்சீலையைத் தடுத்தது. மிஷனெரிமார் பலர் அவ்வளவில் ஆறுதல் அடைந்தனர். பெண்களோ ஆணையைக் கேட்டபின்னும் சீலையை இடுவதை விட்டாரில்லை. பின்வந்த ஆண்டுகளில் அவ்வழக்கம் குறையாமல் பரவிற்று; கிறிஸ்தவரல்லாத நாடார் பெண்களும் அதனை மேற்கொண்டனர். 1833 முதல் சாமித்தோப்பில் ஐயா வைகுண்டர் தொடங்கிய இயக்கமும் இதே காலத்தில் தாழ்த்தப்பட்டோரின் தலையை நிமிர்த்தியது. தலைப்பாகை அணிந்தே வழிபடவேண்டும் என்று அவர் ஆண்களுக்குக் கற்பித்தார். தோளைப்போலவே தலையும் அங்கே பேசிற்று.

விக்டோரியா அரசியாரின் 1858 நவம்பர் அறிக்கையை ஒட்டிக் கலகம் மூன்றாம் முறையாக வெடித்தது. அவ்வாண்டு இறுதியிலும் 1859 தொடக்கத்திலும் நாகர்கோவில் சுற்றுப்புறங்களில் வீடுகளும் ஆலயங்களும் தாக்கப்பட்டன. திவான் மாதவராவ் பழைய ஆணையையே நிலைநிறுத்த முயன்றார். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் கடுமையாகத் தலையிட்டபின், 1859 ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜா புதிய ஆணை பிறப்பித்தார். நாடார் பெண்கள் எம்மதத்தினராயினும் குப்பாயம் அணியலாம். மீனவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வேறு எவ்விதத்திலும் மார்பை மூடலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் மட்டும் அணிதலாகாது என்பது அதன் கருத்து.

வெற்றி என நாம் கொண்டாடும் இவ்வாணையும் ஒரு விலக்கைக் கைவிடவில்லை என்பதை மாணவர் கவனிக்கவேண்டும். நாற்பத்தைந்து ஆண்டுப் போராட்டத்தின் இறுதியிலும் அரசு விட்டுக்கொடுத்தது ஆடையைத்தான், ஒப்புமையை அன்று. அந்த ஒப்புமையைப் பெண்கள் ஆணையால் பெறவில்லை. உடுத்தி உடுத்தி, எவரும் தடுக்க இயலாத வழக்கமாக்கியே பெற்றுக்கொண்டனர்.

3. ஆவணத்தில் இல்லாத பெயர்கள்

இவ்வரலாற்றில் மன்றோ, மீட், மால்ட், கல்லன், மாதவராவ், டிரெவெலியன் ஆகிய பெயர்களை நாம் அறிவோம். அடிபட்ட பெண்களில் ஒருத்தியின் பெயரையேனும் நம் மாணவர் சொல்லக் கேட்டதில்லை. கடிதம் எழுதியோர் ஆண்கள், முறையிட்டோர் ஆண்கள், தீர்ப்பளித்தோர் ஆண்கள். யாருடைய தோளைப் பற்றி இத்தனை தாள்கள் எழுதப்பட்டனவோ அவர்கள் தாளில் இடம்பெறவில்லை. ஆயினும் அவர்கள் பேசவில்லை என்று கொள்ளுதல் தவறாகும். ஒரு பெண், கிழிக்கப்படும் என்று அறிந்தும் மறுவாரம் அதே சந்தைக்கு அதே சீலையோடு செல்வாளாயின், அச்செயல் ஒரு விண்ணப்பத்தைவிடத் தெளிவான பேச்சு.

மிஷனெரிமாரைப் பற்றியும் சமநோக்கு வேண்டும். அவர்தம் துணிவின்றி இப்பெண்களுக்கு நீதிமன்றத்தின் வாயில் திறந்திராது. அதே வேளையில் அவர்கள் தம் நாட்டு ஒழுக்கநெறியின் கண்கொண்டே இப்பெண்களை நோக்கினர். மூடாத மார்பில் அவர்கள் கண்டது வெட்கக்கேடு. பெண்கள் கண்டதோ அடிமைத்தனம். இரு சாராரும் ஒரே ஆடையை வேண்டி நின்றதால் அவர்கள் வேண்டிய பொருளும் ஒன்றே எனத் தோன்றிற்று. நாணத்தைக் காக்கக் குப்பாயம் போதும் என்ற இடத்தில் இரண்டும் பிரிந்தன. நம் சபைகள் மிஷனெரிமாரின் விளக்கத்தைப் பேணிக்கொண்டு பெண்களின் விளக்கத்தை மறந்தன. அதன் பயனாக, அடிமைத்தளையை அறுத்த ஆடையே பிற்காலத்தில் பெண்களை அளக்கும் கோலாயிற்று. முக்காடு இட்டாளா, நகை அணிந்தாளா, எவ்வாறு உடுத்தி நற்கருணைக்கு வந்தாள் என்று நோக்கும் சபையின் கண், பழைய சந்தைவெளியின் கண்ணுக்கு மிகத் தொலைவில் இல்லை.

4. கரிசல் நாட்டிற்கு வந்த செய்தி

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இப்பால், கம்பெனியாரின் திருநெல்வேலிச் சீமையில், தோள்சீலையைத் தடுக்கும் அரசாணை இல்லை. ஆயினும் இரு பகுதிகளின் திருச்சபை வரலாறும் பின்னிக் கிடக்கிறது. மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். நாகர்கோவிலில் தாயிடம் கற்ற ரேந்தைப் பின்னலையும் பெண்கல்வியையும் தேரிக்காட்டிற்குக் கொணர்ந்தவர் அவரே. அவர் கணவர் 1849இல் நாடார்களைப் பற்றி வெளியிட்ட சிறுநூலோ அச்சமுதாயத்தாரைப் புண்படுத்திற்று. பிற்காலத்தில் அவர்தம் கடும் எதிர்ப்பையும் சந்தித்தது. ஒரே இல்லத்தில் ஒருவர் கை பெண்களை உயர்த்த, மற்றொருவர் எழுதுகோல் அவர்தம் இனத்தைத் தாழ்த்தியது மிஷன் வரலாற்றின் முரண்பாடுகளுள் ஒன்று.

வடக்கே கரிசல் மண்ணில் தாமஸ் ராக்லண்ட் 1854இல் சுற்றுப்பயண ஊழியத்தைத் தொடங்கினார். 1858இல் சிவகாசியில் மரித்தார். அவ்வூர்களில் அப்போது வேறொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை முதலிய ஆறு நகரங்களில் பேட்டை அமைத்து, மகமை வசூலித்து, வணிகத்தால் செழித்த நாடார் உறவின்முறையார் தம் சமுதாய நிலையை உயர்த்த முற்பட்டனர். பூணூல் அணிந்தனர், சத்திரியர் எனத் தம்மைக் கூறிக்கொண்டனர், கோவில் நுழைவையும் வீதி உரிமையையும் கோரினர். 1895இல் கழுகுமலையிலும் 1899இல் சிவகாசியிலும் இதனால் இரத்தம் சிந்திற்று. 1897இல் தொடங்கிய கமுதிக் கோவில் வழக்கு 1908இல் பிரிவி கவுன்சில்வரை சென்று அவர்களுக்கு எதிராக முடிந்தது.

இவ்வுயர்வு முயற்சியிலும் பெண்ணுடலே எழுதுபலகையாயிற்று. தலையில் சுமந்த குடம் இடுப்பிற்கு இறங்கிற்று. நீரற்ற கரிசல் காட்டில் ஊருணிக்கும் கிணற்றிற்கும் நாள்தோறும் பலமுறை நடக்கும் பெண்ணுக்கு இது சிறு செய்தியன்று. இடுப்பில் குடம் வைத்து நடந்தவள், தன் பாட்டிக்கு மறுக்கப்பட்ட நடையில் நடந்தாள். இதில் விடுதலை உண்டு. ஆனால் அதே முயற்சியின் பகுதியாக, முன்னர் வழக்கிலிருந்த விதவை மறுமணம் இழிவெனக் கருதப்பட்டுத் தடுக்கப்பட்டது. குலத்தின் மதிப்பு உயர, விதவையின் வாழ்வு விலையாயிற்று. ஒரு கையால் பெண்ணின் குடத்தை இறக்கிய சமுதாயம் மறுகையால் அவள் கழுத்தை வெறுமையாக்கிற்று. ஏற்றம் பெறும் இனம் எதுவாயினும், தன் பெருமையைப் பெண்ணின்மேல் எழுதும் இப்பழக்கத்தினின்று தப்புவது அரிது.

இவ்வளவில் முடிந்ததும் இல்லை. தோளை மூடும் உரிமை பெற்றோர் தமக்குக் கீழே வைக்கப்பட்டோரின் உரிமைக்காக எழுந்து நிற்கவேண்டிய கடமையை எங்கும் நிறைவேற்றினர் எனச் சொல்லவியலாது. திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் கல்மாலை அணிந்தே ஆகவேண்டும் என்னும் வழக்கம் 1915வரை நீடித்தது. ஐயன்காளியின் தலைமையில் பெரிநாட்டில் அப்பெண்கள் மாலைகளைக் கழற்றி எறிந்தபோதே அது முடிவுற்றது. தோள்சீலை ஆணைக்குப் பின் ஐம்பத்தாறு ஆண்டுகள் கழிந்தே கல்மாலை விழுந்தது.

நம் பகுதியில் பெண்ணின் நிலையைச் சாதி மதிப்பினின்று பிரித்துப் பேசும் குரல் உரத்து எழுந்தது 1931இல் விருதுநகரில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் எனலாம். விதவை மணமும் பெண்ணின் சொத்துரிமையும் அவ்வியக்கத்தின் கோரிக்கைகளாயிருந்தன. அக்குரல் திருச்சபைக்கு வெளியிலிருந்து எழுந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை தன் முதற் பெண் பேராயரை, நந்தியால் பேராயத்திற்கு புஷ்பலலிதா அம்மையாரை, அருட்பொழிவு செய்தது 2013இல்தான்.

5. மந்தித்தோப்பு எழுப்பும் வினா

பழைய வரலாற்றை இதுகாறும் கூறியது, அதே வினா இன்று நம் வாயிலில் நிற்பதனாலேயாகும். கோவில்பட்டியை அடுத்த மந்தித்தோப்பில், 2020ஆம் ஆண்டை ஒட்டி, திருநங்கையர்க்கென ஒரு குடியிருப்பு அமைந்தது. திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானுவின் முயற்சியாலும், அன்று தூத்துக்குடி மாவட்ட ஆட்சியராயிருந்த சந்தீப் நந்தூரியின் ஒத்துழைப்பாலும், முப்பதளவிலான திருநங்கையர் வீடும் கறவை மாடும் பெற்றனர். தமக்கெனப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றையும் நிறுவினர். பசுவைக் கறத்தல் ஆகாது என ஒருகாலத்தில் ஓர் இனத்திற்கே விதிக்கப்பட்டிருந்ததை மேலே கண்டோம். பிச்சையும் இழிவும் தவிர வேறு வழியில்லை எனத் தள்ளப்பட்டோர் பால் கறந்து விற்று வாழ முற்பட்டதன் பொருள், அவ்வரலாறு அறிந்த நமக்கு மிகுதியாகப் புலப்படவேண்டும்.

இவர்தம் உடலையும் உடையையும் அரசு ஒடுக்கிய வரலாறும் உண்டு. 1859இல் நாஞ்சில் நாட்டுப் பெண்களுக்காகப் பேசிய அதே ஆங்கில ஆட்சி, பன்னிரண்டே ஆண்டுகளில், 1871ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிச் சட்டத்தின் ஒரு பகுதியால், வடநாட்டு மாகாணங்களில் பதிவுசெய்யப்பட்ட அலிகள் பெண்ணுடை தரித்து வெளியில் தோன்றினால் பிடியாணையின்றிச் சிறைப்படுத்தலாம் என விதித்தது. அங்கேயும் குற்றமெனப்பட்டது ஓர் ஆடையே. தமிழக அரசு 2008இல் இவர்களுக்கு நல வாரியம் அமைத்தது. உச்சநீதிமன்றம் 2014 ஏப்ரல் 15ஆம் நாள் அளித்த தீர்ப்பில், தம் பாலை அறுவைச் சிகிச்சையின் சான்றின்றித் தாமே அறிவித்துக்கொள்ளும் உரிமை உண்டு எனக் கூறிற்று. 2018இல் தூத்துக்குடிக் கோவில் ஒன்றில் நிகழ்ந்த திருமணத்தைப் பதிவுசெய்ய அலுவலர் மறுத்தபோது, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22ஆம் நாள், மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் எனத் தீர்ப்பளித்தது. பால் உறுப்புத் தெளிவுறாது பிறக்கும் குழந்தைகளின் உடலை அறுவையினால் இன்ன பால் என ஆக்கிவிடுவதைத் தடுக்கவும் அதே தீர்ப்பு வழிகாட்டிற்று. தமிழக அரசு அவ்வாண்டே அதற்கென ஆணை வெளியிட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். சாதியின் குறி மனிதர் இட்டது, ஆணும் பெண்ணுமாகப் படைத்தவரோ கடவுள். இரண்டையும் ஒப்பிடலாமோ என்று உண்மையான மனவேதனையோடு கேட்கும் குருமார் உளர். இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிடுதல் தகாது. படைப்பைப் பற்றிய இறையியல் ஆராய்ச்சி தொடரட்டும். ஆனால் திருநங்கை ஒருவர் நம் ஆலய வாயிலில் வந்து நிற்கையில் நம்மை முதலில் கேட்பது படைப்பின் விளக்கத்தை அன்று. எங்கே அமர்வது என்பதையே. அந்த வினாவிற்கு விடைகூறும்படி திருமறை நம்மை ஆயத்தப்படுத்தியுள்ளது.

ஆடை மாற்றத்தை விலக்கும் உபாகமம் 22:5ஐ நாம் அறிவோம். அந்நூலே 23ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் உறுப்புச் சிதைந்தோரைச் சபைக்குப் புறம்பாக்குகிறது. ஏசாயா 56ஆம் அதிகாரமோ அவ்விலக்கை நேரே எதிர்கொண்டு, அண்ணகர்க்குக் கர்த்தருடைய ஆலயத்திற்குள்ளேயே இடமும், பிள்ளைகளால் வரும் பெயரினும் மேலான பெயரும் உண்டு என வாக்களிக்கிறது. ஆண்டவர் மத்தேயு 19:12இல் அண்ணகரைப் பற்றிப் பேசுகையில் இகழ்ச்சியின் சாயலும் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில், யூதரல்லாத உலகினின்று முதலில் திருமுழுக்குப் பெற்றோருள் ஒருவராக ஓர் எத்தியோப்பிய அண்ணகர் நிற்கிறார். நம் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு அவரை மந்திரி என்றே அழைக்கிறது. அவர்தம் பதவியை அச்சொல் காட்டுகிறது, உடலை மறைத்துவிடுகிறது. கிரேக்க மூலம் அவரை ஐந்து முறை அண்ணகர் என்றே குறிப்பிடுகிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கிறிஸ்தவர் இப்பகுதியை வாசித்தும், ஏசாயாவின் வாக்கு இங்கே நிறைவேறியது என்பதைக் காணாமற்போனதற்கு இச்சொல்லும் ஒரு காரணம். எரேமியாவையோ சங்கீதங்களையோ அன்றி ஏசாயாவின் சுருளையே அவர் வாசித்துக்கொண்டிருந்தார் என்பதை மாணவர் தம் பிரசங்கங்களில் எடுத்துரைப்பாராக.

கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபம் 12ஆம் அதிகாரத்தில் பவுல், கனவீனமாய்த் தோன்றும் உறுப்புகளுக்கு அதிகமான கனம் அளிக்கப்படுவதைச் சபைக்கு உவமையாக்குகிறார். உடுத்துதலும் கனப்படுத்துதலும் அவ்விடத்தில் ஒன்றாய் நிற்கின்றன. நாஞ்சில் நாட்டுப் பெண்கள் தோள்சீலையால் வேண்டியது அந்தக் கனத்தையே.

6. முடிவுரை

இவ்வரலாற்றினின்று ஆயர்கள் பெறத்தக்க படிப்பினை ஒன்றே. தாழ்த்தப்பட்டோர் நம்மிடம் வரும்போது அவர்களுக்குக் குப்பாயம் அளிப்பது எளிது. தனி ஆராதனை, கடைசி வாங்கு, கிறிஸ்துமஸ் நாளில் ஒரு சேலை, இரங்கற்சொல் ஆகிய இவையெல்லாம் குப்பாயங்களே. இவற்றில் அன்பு இல்லை என்று சொல்லோம். இவை உடலை மூடவும் செய்யும். ஆனால் இவற்றை அணிந்தவர் நம்மோடு ஒப்பானவர் அல்லர் என்பதும் அவ்வாடையிலேயே எழுதப்பட்டிருக்கும். 1814இல் அரசு அளித்தது அது. 1829இல் திருச்சபையின் பெரும்பகுதி அமைதியடைந்ததும் அதனோடுதான்.

தோள்சீலை என்பது வேறு. திருமுழுக்குப் பதிவேட்டில் அவர் தமக்குரியதென அறிந்த பெயர் எழுதப்படுதல். நற்கருணைப் பந்தியில் அதே வரிசையில் முழங்காலிடுதல். பாடகர் குழுவிலும் சபைக் கூட்டத்திலும் வாயடைக்கப்படாதிருத்தல். மரித்தபின் சபையின் கல்லறைத் தோட்டத்தில் வேலிக்கு உட்புறமே அடக்கம் பெறுதல். இவற்றிற்குப் பேராய மன்றத்தின் தீர்மானத்திற்காகக் காத்திருக்கவேண்டும் என்பதில்லை. இவற்றுள் பெரும்பாலானவை ஒரு சேகரத்தின் ஆயரும் மூப்பரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கக்கூடியவை.

பெண்களின் பொருட்டும் இதுவே நம் விண்ணப்பம். தீப்பெட்டி ஆலையிலிருந்து களைத்து வரும் பெண்ணும், மறுமணம் நாடும் இளம் விதவையும், இறையியல் பட்டம் பெற்றும் பிரசங்க பீடம் கிடைக்காத சகோதரியும், தம் உடலையும் உடையையும் அளக்கும் கண்ணைச் சபையிலும் சந்திக்கின்றனர். அக்கண்ணைத் தாழ்த்துதல் ஆயரின் பணி. பெயர் அறியப்படாத நாஞ்சில் நாட்டுப் பெண்கள் அரசாணை முழுமையாகும்வரை காத்திராமல் உடுத்திக்கொண்டு புறப்பட்டனர். அவர்தம் பிள்ளைகளின் பிள்ளைகளால் நிறைந்துள்ள நம் சபைகள், இன்று வாயிலில் நிற்போர்க்கு அந்த உரிமையை மறுக்காதிருக்கக் கடவன.